மூடி போட்ட டின்

அத்தியாயம் 14

போன வாரம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறையில் ஒரு சிவப்பு விளக்கை எரியவிட்டுவிட்டுப் போனோம். அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் காலடி வைக்கிறவர்களுக்காக நாலு வரி. முன்னால் ரப்பர் வாஷரும் கேஸ்கெட்டும் செய்கிற பட்டறை, பின்னால் வீடு. பட்டறையைத் தொடங்கியவர் பெரியவர். இப்போது நடத்துகிறவன் மூத்த மகன். அலுவலகத்தையும் அதிலுள்ள கம்ப்யூட்டர்களையும் கட்டி மேய்க்கிறவள் மருமகள். மாமியார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இளையவன் ஒருவன் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் ரப்பரை அச்சில் வைத்து அழுத்துகிற பழைய பிரஸ்ஸை மாற்றுவது பற்றி அப்பாவோடு வார்த்தை தடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போனவன். முதல் வருஷம் முழுக்க அப்பாவுக்கு மெயில் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

ஏன் நின்றது என்று மருமகளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அதை யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறாள். அதற்கு அப்புறம் வருவோம். முதலில் சிவப்பு விளக்கு.

மாடிப்படி அறையில் இருப்பது மெயில் சர்வர். பட்டறையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பதினெட்டுப் பேருக்கும் வருகிற மெயில், போகிற மெயில் எல்லாம் தங்குகிற பெட்டி. அது நிரம்பி வழிகிறது என்பதைத்தான் விளக்கு சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் புதிதாக வருகிற ஆர்டர், வாசல் கதவு சாத்தியிருக்கிறது என்று திரும்பிப் போய்விடும். போன வாரம் புதன்கிழமை சாயங்காலமே இரண்டு மெயில் அப்படிப் போய்விட்டதாக டெஸ்பாட்ச் பெண்மணி வந்து முறையிட்டாள்.

"புது டிஸ்க் அடுத்த மாசம்தான். அதுவரைக்கும் எதையாவது கழிச்சுக் கட்டு" என்று சொல்லிவிட்டான் கணவன்.

மருமகள் எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிறவள் இல்லை. சர்வர் அறைக் கதவில் அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'தொடுவதற்கு முன் நகல் எடு.' தினமும் ஆறு மணிக்கு சர்வரில் இருப்பதை எல்லாம் கையடக்கமான ஒரு டிஸ்க்கில் நகல் எடுப்பாள். டிஸ்க் இரண்டு. ஒன்று அவள் கைப்பையில், பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும். இன்னொன்று நாலு தெரு தள்ளி அவள் அம்மா வீட்டு அலமாரியில். சனிக்கிழமைதோறும் இரண்டும் இடம் மாறும். பட்டறை தீப்பிடித்தாலும் ஒன்று தப்புமே என்று கணக்கு. "அம்மா வீட்டுக்குப் போறதுக்கு இப்படியும் ஒரு சாக்கா" என்று கணவன் சீண்டுவான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

தீ, திருட்டு, மின்னல், தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் யோசித்து வைத்திருந்தாள். அந்த நகலில் ஒன்றை மட்டும் சேர்க்கவில்லை. அவரவர் அழித்துத் தள்ளிய மெயில்கள் போய் விழுகிற குப்பைத் தொட்டியை. குப்பையை யாராவது பொத்திப் பொத்தி வைப்பார்களா?

சர்வரில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது அந்தக் குப்பைதான். ஆகவே திங்கட்கிழமை பதினெட்டுப் பேருக்கும் ஒரு அறிவிப்பு அனுப்பினாள். 'குப்பைத் தொட்டியில் முப்பது நாளுக்கு மேல் கிடப்பவை வியாழன் காலை அடியோடு அழிக்கப்படும். வேண்டியதை அதற்குள் எடுத்துக்கொள்ளவும்.' சிலர் எடுத்துக்கொண்டார்கள். சிலர் 'எங்கள் குப்பைக்கும் வந்ததா காலம்' என்று கேலியாகப் பதில் போட்டார்கள். பெரியவரிடமிருந்து வழக்கம்போல ஒரே சொல்லில் பதில் வந்தது. 'கிடைத்தது.' கஸ்டமரோ, மூத்த மகனோ, வரி ஆபீஸோ, யாருக்கும் அவர் பதில் அதைத் தாண்டியதில்லை.

இன்று வியாழன். காலை பதினோரு மணிக்கு மருமகள் உத்தரவைக் கொடுத்தாள். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. சிவப்பு அணைந்து பச்சை வந்தது. வெளியே நின்றுகொண்டிருந்த மெயில்கள் முட்டி மோதிக்கொண்டு உள்ளே வந்தன. டெஸ்பாட்ச் பெண்மணி எட்டிப் பார்த்து, "அப்பாடா" என்றாள். மருமகளுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை சாப்பாட்டு மேஜை வரைக்கும் தாங்கியது.

ஒன்றரை மணிக்குக் கணவன் சாப்பிட வந்தான். நாற்காலியை இழுத்த இழுப்பிலேயே எதுவோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"பம்ப் கம்பெனிக்காரன் போன் பண்ணான். கேஸ்கெட்டோட உள் அளவு தப்பாம். அளவை மாத்தச் சொல்லி நாங்க மெயிலே போடலைன்னு சாதிக்கறான். ரெண்டாயிரம் பீஸ் ரெடியா நிக்குது."

"மெயில் யாருக்கு வந்தது?"

"அப்பாவுக்குத்தான், ரெண்டு மாசம் முன்னாடி. கேட்டேன். பத்திரமா இருக்கு, இப்பவே எடுத்துத் தரேன்னு கிளம்பிட்டார். மத்தியானத் தூக்கம்கூட இல்ல இன்னைக்கு."

"எங்க இருக்காம்?"

"டின்ல."

மருமகள் சிரித்துவிட்டாள். பட்டறை மாடியில் இருக்கிற பெரியவர் அறையில் நாற்காலிக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு தகர டின் நிற்கும். அச்சுகளின் டிராயிங்குகளைச் சுருட்டி அதற்குள் நிறுத்தி மூடி போட்டு வைத்திருப்பார். ஈரம் ஏறாது, எலி அண்டாது. பட்டறையின் சொத்தே அதில்தான் இருக்கிறது என்பார்.

"மெயிலை எதுக்கு டின்ல போட்டார்? பிரின்ட் எடுத்தாரா?"

"பிரின்ட்டாவது ஒண்ணாவது. இது கம்ப்யூட்டர்ல இருக்கற டின்னாம். மூடி போட்ட மாதிரி ஒரு படம் இருக்காமே. படிச்சு முடிச்சதும் ஒரு பட்டனைத் தட்டினா லெட்டர் அதுக்குள்ள போய் உக்காந்துக்குமாம். பதினேழு வருஷத்து லெட்டரும் அதுல இருக்குன்னு பெருமை வேற."

மருமகளின் கை தட்டிலேயே நின்றது.

பதினேழு வருஷம். மனுஷர் எழுத்தைப் படிக்கவில்லை, படத்தைப் பார்த்திருக்கிறார். தன் பக்கத்தில் நிற்கிற டின்னைப் போலவே உருண்டையாக, மூடியோடு ஒன்று இருக்கக் கண்டு, ஒவ்வொரு கடிதத்தையும் அழிக்கிற பட்டனைத் தட்டி, பத்திரப்படுத்துவதாக நினைத்துக் குப்பையில் போட்டு வந்திருக்கிறார். அவள் அனுப்பிய அறிவிப்பையும் படித்திருக்கிறார். தன்னிடம் ஏது குப்பை என்று நினைத்திருப்பார். முக்கியமான அறிவிப்பாயிற்றே என்று அதையும் அதிலேயே போட்டு வைத்திருப்பார்.

அதை அவள் காலையில் காலி செய்துவிட்டாள். நகலும் இல்லை.

அடுத்து வந்த நினைப்பு அவளை எழுப்பி நிறுத்தியது. பெரியவர் மேஜையில் இருப்பது ஓட்டைக் கம்ப்யூட்டர். ஆனால் சர்வரில் உள்ளதை எல்லாம் தன்னிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்கிற ரகம். நேற்று சாயங்காலம் அணைத்தது; மத்தியானத் தூக்கம் முடிந்துதான் அவர் அதைப் போடுவது வழக்கம். அதற்குள் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் இன்று உயிர் வந்ததும் அது செய்கிற முதல் காரியம் சர்வரைக் கேட்பது. சர்வரில் இல்லாததைத் தன்னிடமிருந்தும் சுத்தமாகத் துடைத்துவிடும். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"மாமா எப்ப போனார்?"

"இப்பத்தான். ஏன்?"

அவள் கை கழுவவில்லை. கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, பிரஸ்கள் நிற்கிற கொட்டகைக்குள் ஓடினாள். கணவன் போனில் கூப்பிட்டுப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. பெரியவரின் போன் மணி வீட்டுக் கூடத்திலிருந்தே கேட்டது. அதை அவர் எடுத்துப் போகிற வழக்கமில்லை. பிரஸ்காரர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "என்னம்மா, என்னாச்சு" என்று வழிவிட்டார். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினாள்.

ஓடும்போது அவள் மனசில் பம்ப் கம்பெனி இல்லை. முப்பத்தெட்டுக் கடிதங்கள் இருந்தன.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் இளையவன் போன் செய்தான். "அண்ணி, என் மெயில் அப்பாவுக்கு வருதா இல்லையா, பார்த்துச் சொல்லுங்க. முப்பத்தெட்டு போட்டுட்டேன். ஒரு வரி பதில் இல்ல."

அவள் சர்வரில் அவன் முகவரியை மட்டும் போட்டுத் தேடினாள். அடுத்தவர் கடிதத்தை மேய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. முப்பத்தெட்டும் வந்தன. முப்பத்தெட்டும் குப்பைத் தொட்டியில்.

"வந்திருக்கு தம்பி. ஆனா..."

"என்ன ஆனா?"

சொல்லியிருக்க வேண்டாம். அவன் விடவில்லை. சொல்லிவிட்டாள். அவன் சரி என்று போனை வைத்தான். அதற்கப்புறம், அவளுக்குத் தெரிந்தவரை, அந்த வீட்டுக்கு அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. இந்த மனுஷர் பெற்ற பிள்ளையின் கடிதத்தைக் குப்பையில் போட்டவர் என்கிற கசப்போடுதான் இரண்டு வருஷமாக மாமனாருக்கு அவள் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அறைக்குள் நுழைந்தபோது பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் இன்னும் கண்விழிக்கவில்லை. ஐந்து நிமிஷம் எடுக்கிற கம்ப்யூட்டர். மாற்றிவிடலாம் மாமா என்று அவளே மூன்று தரம் கேட்டு, அவர் மூன்று தரமும் மாட்டேன் என்றது.

"என்னம்மா, சாப்பிட்ட கையோட?"

"எதையும் தொடாதீங்க மாமா."

மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனாள். தூசியும் ஒயரும் பின்னிக் கிடந்தன. கறுப்பு மின்சாரம், சாம்பல் பிரின்டர், நீலம் சர்வரோடு இணைக்கிற நெட்வொர்க். நீலத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. அங்கே மினுக்கிக்கொண்டிருந்த சின்னப் பச்சை விளக்கு அணைந்தது.

மேலே பெரியவர், "வந்துடுச்சு" என்றார்.

அவள் வெளியே வந்து, அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். சர்வர் கிடைக்கவில்லை என்று திரையின் மூலையில் ஒரு புகார். மற்றபடி எல்லாம் இருந்தது. குப்பைத் தொட்டியில் பதினோராயிரத்து நானூற்று ஆறு கடிதங்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே ஓடிவந்த கணவனிடம், "என் கைப்பையில கண்ணாடிக் கூடு இருக்கு. சீக்கிரம்" என்றாள்.

"கண்ணாடியா? உனக்குக் கண்ணாடி கிடையாதே" என்று முழித்தவன், ஞாபகம் வந்து கீழே ஓடினான்.

டிஸ்க் வந்தது. நகல் ஏற ஆரம்பித்தது. முப்பது நிமிஷம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். அந்த நேரத்தில் நடந்ததை எல்லாம் பெரியவருக்கு எடுத்துச் சொன்னாள். குப்பை என்று கேட்டதும் அவர் குனிந்து பக்கத்தில் நிற்கிற தகர டின்னைப் பார்த்தார். பிறகு திரையில் இருக்கிற படத்தைப் பார்த்தார்.

"குப்பைக்கு எதுக்கும்மா மூடி?" என்றார். "மூடி இருந்தா உள்ள இருக்கறது வேணும்னுதானே அர்த்தம்?"

கணவன் சிரித்தான். மருமகளால் சிரிக்க முடியவில்லை. எல்லாருக்கும் அறிவிப்பு அனுப்பியவள், பத்துப் படி ஏறி வந்து இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவர் எங்கே எதை வைக்கிறார் என்று தெரியாமலே இவருடைய கடிதங்களுக்கு அவள் காவல் இருந்திருக்கிறாள். இனி குப்பைத் தொட்டியையும் சேர்த்துத்தான் நகல், கேட்காமல் எதையும் அழிப்பதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

பம்ப் கம்பெனியின் கடிதம் கிடைத்தது. உள் அளவு நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்றுப் பதினாலு என்று தெள்ளத்தெளிவாக எழுதியிருந்தான். கணவன் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, "இப்ப வச்சுக்கறேன் அவனை" என்று கீழே இறங்கிப் போனான்.

அறையில் இரண்டு பேர்தான். நகல் ஏறிக்கொண்டிருந்தது.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "தம்பி லெட்டர் போடறதை நிறுத்தினதுக்கு..."

"தெரியும்."

பெரியவர் மவுஸைப் பிடித்து, மெதுவாக உருட்டிக்கொண்டே போனார். இளையவனின் பெயர் வரிசையாக வந்தது. கடைசியாக ஒன்றில் நிறுத்தி, நாற்காலியைத் தள்ளி அவளுக்கு இடம் கொடுத்தார்.

முப்பத்தெட்டு இல்லை. முப்பத்தொன்பது. அவள் பார்த்திராத ஒன்று.

'அப்பா, நான் எழுதுறதை எல்லாம் நீங்க குப்பையில போடுறதா அண்ணி பார்த்துச் சொன்னாங்க. அண்ணி பொய் சொல்ல மாட்டாங்க. இனிமே உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம். இதையும் அங்கேயே போட்டுடுங்க.'

அதையும் அங்கேதான் போட்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா தெரியுமா மாமா?"

"நீ சொன்னேங்கறது தெரியும். ஏன் சொன்னேங்கறதுதான் தெரியல. நான் எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கேன், நீ குப்பைங்கறே."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம். நீ ஒரு காரணம் சொல்லியிருப்பே. அது எனக்குப் பிடிக்காம போயிருக்கும். அப்புறம் உன் புருஷன் நடுவுல வந்திருப்பான். ஒரு பையன் வெளியில போனது போதும்னு இருந்துட்டேன்."

"தம்பிக்காவது ஒரு வரி எழுதியிருக்கலாம் இல்ல?"

"என்னன்னு எழுதறது? நான் குப்பையில போடலைன்னு எழுதினா, உங்க அண்ணி பொய் சொல்லிட்டான்னு எழுதின மாதிரி ஆயிடும். அதுக்கு எனக்குக் கை வரல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் திரும்பவும் துடைத்தார். "அதுக்கு முன்னாடி முப்பத்தெட்டுக்கும் பதில் போடாம இருந்தது என் வீம்பு. அதை உன் தலையில கட்ட மாட்டேன்."

மருமகள் அழுதாள். அவள் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்திருந்த அதே இரண்டு வருஷமும் அவர் அவளைப் பொய்க்காரி என்று நினைத்திருக்கிறார். நினைத்துக்கொண்டே, பட்டறையின் மெயில் சாவியை அவள் கையிலிருந்து வாங்காமல் இருந்திருக்கிறார். கடிந்து ஒரு சொல் இல்லை. அவளால் தாங்க முடியவில்லை.

பெரியவர் மேஜையிலிருந்த தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

மருமகள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன் கைபேசியில் இளையவனுக்கு மெயில் எழுதினாள். தான் தேடியது எப்படி, தப்பாகப் புரிந்துகொண்டது எப்படி, மூடி போட்ட டின் எது, எதையும் மழுப்பாமல் எழுதினாள். எழுதி முடித்து, "நீங்க என்ன சேர்க்கணும் மாமா?" என்றாள்.

அவர் கண்ணாடியைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

"முப்பத்தொன்பதும் கிடைத்தது. அப்பா. அவ்வளவு போடு."

போட்டாள். அனுப்பினாள்.

கைபேசியைக் கீழே வைப்பதற்குள் அது துடித்தது. இளையவன் பெயர். பெரியவர் பாதி எழுந்துவிட்டார்.

"இது தம்பி எழுதினது இல்ல மாமா. ஊர்ல இல்லாதப்ப தானா வர்ற பதில்" என்று சொல்லிவிட்டுப் படித்தாள். "இந்த வாரம் விடுப்பில் இருக்கிறேன். அவசரமென்றால் கீழே உள்ள எண்ணில் அறை பன்னிரண்டு என்று கேட்கவும்."

எண்ணைப் பாதி படிக்கும்போதே பெரியவர் மீதியைச் சொல்லி முடித்தார். பட்டறைக்கு வருகிற வெளியூர்க் கஸ்டமர்களுக்கு ரூம் போடச் சொல்லி, இந்த மேஜையிலிருந்தே நூறு தரம் அழைத்த எண். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற லாட்ஜ். நடந்தால் கால்மணி நேரம்.

"என்னைக்கு வந்தானாம்?"

"அது போடல மாமா."

பெரியவர் மேஜைப் போனின் ரிசீவரை எடுத்து, எண்களை அமுக்கினார். மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது. யாரோ எடுத்து, "சொல்லுங்க, எந்த ரூம் வேணும்?" என்றார்கள்.

பெரியவர் ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"பன்னெண்டு" என்றாள் மருமகள்.